துணையின்றி பாரிஸில் சுற்றலாமா?

கேள்வி: பிரெஞ்சு தெரியாத ஒருவர், சுற்றுலாக் குழுவோடு சேராமல் முதன்முறையாகப் பாரிஸைச் சுற்றிப் பார்க்க முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. லூவ்ர் அருங்காட்சியகம் உள்ள முதல் வட்டாரத்தில் தொடங்கி, நத்தை ஓட்டின் சுழிபோல எண்கள் வெளிப்புறமாக விரிகின்றன. தெருப் பெயர்ப்பலகையிலேயே வட்டார எண்ணும் இருப்பதால், எங்கே நிற்கிறோம் என்பது மொழி தெரியாதவருக்கும் பிடிபட்டுவிடும்.

கிழமைதான் பலரை ஏமாற்றுகிறது. லூவ்ருக்குச் செவ்வாயும், ஓவியப் பிரியர்கள் தவறவே விடக்கூடாத ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்களும் விடுமுறை. லூவ்ருக்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுவது நல்லது. அங்கே மோனா லிசாவோடு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். கிரேக்கச் சிலைகளுக்கும் எகிப்தியக் கூடங்களுக்கும் அரைநாளாவது ஒதுக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் தீக்கிரையான நோத்ர தாம் பேராலயம், 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. நுழைவு இலவசம்.

ஈஃபிள் கோபுரத்தில் இரண்டாம் தளம்வரை படியேறலாம். மின்தூக்கியைவிடக் கட்டணம் குறைவு. முழங்கால் ஒத்துழைத்தால் படிகளே மேல்: இரும்புச் சட்டங்களின் பின்னலை நெருக்கத்தில் பார்க்கலாம். உச்சிக்கு மட்டும் மின்தூக்கிதான்.

மெட்ரோ நெரிசலில் கைப்பை முன்பக்கமாகவே இருக்கட்டும். சோற்றுக்கு நாக்கு ஏங்கினால் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷாப்பெல் பகுதிக்குப் போகலாம். ஈழத்தமிழர் நடத்தும் உணவகங்களும் மளிகைக் கடைகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன.