திராட்சைக் கொடியும் நம் கடைச் சரக்கும்

பாயசத்துக்கு ஐம்பது கிராம் கிஸ்மிஸ் கேட்டு ஆள் வராத நாள் மளிகைக் கடையில் இல்லை. வாசலில் இரண்டு பெட்டி பன்னீர் திராட்சை வைத்து விற்கும் கடைகளும் நம் ஊர்களில் ஏராளம். ஆயினும் இந்தச் சரக்கு விளையும் கொடியைப் பற்றி நம் வியாபாரிகளில் பலர் விசாரித்ததில்லை. விலை ஏன் ஏறுகிறது, எந்த மாதம் வாங்கினால் கையைக் கடிக்காது என்பதற்கான விடை மண்டியில் இருப்பதைவிடத் தோட்டத்தில்தான் அதிகம் இருக்கிறது.

வந்த வழி

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையிலுள்ள மலைநாட்டில் திராட்சைச் சாகுபடி மிகப் பழமையானது. ஜார்ஜியா நாட்டில் எடுக்கப்பட்ட சுமார் 8,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில் திராட்சை மதுவின் தடயம் இருப்பதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டுக்கும் இது பழைய வியாபாரச் சரக்கு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

தக்காணத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே கொடி நன்கு ஊன்றிவிட்டது. தௌலதாபாத்துக்கு வந்த இப்னு பதூதா, அங்கே திராட்சை ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாக எழுதிவைத்தார். குளிர்நாட்டில் கொடி இலை உதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். நம் வெப்பநாட்டில் அதற்கு உறக்கம் இல்லை. எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் குடியானவனின் கவாத்துக் கத்தரி தீர்மானிக்கிறது.

கவாத்தும் விலையும்

நாசிக், சாங்லி, சோலாப்பூர் பகுதிகளில் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. அதில் வருவது கிளையும் தழையும். அக்டோபர் வாக்கில் செய்யும் இரண்டாவது கவாத்துக்குப் பிறகே பூ வந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழம் வெட்டுகிறார்கள். இந்தியத் திராட்சையில் மிகப் பெரும் பங்கு மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தருவது. ஆகவே அந்த மூன்று மாதங்களில் விதையில்லாத பச்சைத் திராட்சை நாடெங்கும் மலிகிறது.

அக்டோபர் கவாத்துக்குப் பின் இளந்துளிரும் பூங்கொத்துமாக இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், அடிச்சாம்பல் நோய் கொத்தையே கருக்கிவிடும். அந்த ஆண்டு பழமும் குறையும், கிஸ்மிஸும் குறையும். தீபாவளி சமயத்தில் சாங்லி, சோலாப்பூர் பக்கம் தொடர்மழை என்று பத்திரிகையில் படித்தால், அது நமக்கும் சம்பந்தப்பட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நோய்க்குப் புகழ்பெற்ற மருந்து நம் கடைச் சரக்குதான்: மயில்துத்தமும் சுண்ணாம்பும். பிரான்சில் போர்தோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளில் நோய் தாக்காததைக் கண்ட மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885-இல் அதை மருந்தாகவே வெளியிட்டார். திருடனுக்கு வைத்தது நோயைப் பிடித்தது!

கம்பம் பள்ளத்தாக்கு

நம் பன்னீர் திராட்சையின் கதை வேறு. மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ரகத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகத்துக்கு இது 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் வந்தது என்பது வழங்கிவரும் செய்தி. 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் பந்தல் பந்தலாக இதைக் காணலாம். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். ஒவ்வொரு தோட்டத்திலும் வேறு வேறு தேதியில் கவாத்து செய்வதால், ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கிறது. வடக்குப் பழம் ஓய்ந்த பிறகும் பெட்டி வருவது இதனால்தான்.

எல்லைக்கு அப்பால் வியாபாரம் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மலையாளத்தில் ‘முந்திரி’ என்றால் திராட்சை. பழைய தமிழிலும் இதற்குக் கொடிமுந்திரி என்றே பெயர். ஆர்டர் எடுக்கும்போது கேட்டுத் தெளிவு செய்துகொண்டால் வீண் வழக்கு வராது.

கடையில் கவனிக்க

மா, வாழை போலத் திராட்சை பறித்த பின் பழுக்காது. புளிப்பாக வந்த கொத்து நான்கு நாள் வைத்தாலும் புளிப்பாகவே இருக்கும், வாடுவதுதான் மிச்சம். “இரண்டு நாளில் இனித்துவிடும்” என்று சொல்லும் தரகரிடம் சரக்கு எடுக்க வேண்டாம். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து, கொத்தின் நுனிப்பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். அது இனித்தால் மேலே உள்ளவையும் இனிக்கும்.

பழத்தின் மேலுள்ள மெல்லிய வெண்பூச்சைக் கண்டு மருந்து என்று வாடிக்கையாளர் பயப்படுவார். கைபட்டால் அழியும் அந்தச் சீரான பூச்சு பழத்தின் இயற்கை மெழுகு. அதைத் துடைத்து அடுக்கினால் பழம் சீக்கிரம் வாடும். மருந்து எச்சம் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமே அல்ல. 2010-இல் ஐரோப்பாவுக்குப் போன நம் திராட்சையில் குளோர்மெக்குவாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு, சரக்குகள் தேங்கி, ஏற்றுமதியாளரும் விவசாயியும் பெருத்த அடி வாங்கினார்கள். பார்வைக்கு அது முதல்தரப் பழம். நம் வாடிக்கையாளருக்கு நாம் சொல்லக்கூடியது, நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள் என்பதே.

கிஸ்மிஸ்

மளிகைக்காரருக்கு உண்மையான லாப நஷ்டம் இதில்தான். தாம்ஸன் சீட்லெஸ் போன்ற விதையில்லாப் பழத்தை, பொட்டாசியம் கார்பனேட்டும் டிப்பிங் ஆயில் என்ற எண்ணெயும் கலந்த நீரில் முக்கி, நிழலில் தட்டுகளில் பரப்பி இரண்டு வாரம் போல உலர்த்துகிறார்கள். சுமார் நான்கு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கிஸ்மிஸ். தோட்டத்தில் பழம் கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிஸ்மிஸில் பழத்தின் அடக்கம் மட்டும் 100 ரூபாய். பழ விலை சரிந்த ஆண்டில் விவசாயிகள் உலர்த்தும் பக்கம் திரும்புவார்கள், கிஸ்மிஸ் குவியும். எனவே மார்ச் மாதப் பழ விலையைக் குறித்து வைத்திருப்பவர் பண்டிகைக் கொள்முதலில் ஏமாறமாட்டார்.

புதுச் சரக்கு மார்ச், ஏப்ரலில் வரத் தொடங்கும். தீபாவளிக்கு நாம் விற்பது ஆறு மாதச் சரக்கு. சாங்லி, தாஸ்காவ் பக்கம் அதைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்திருப்பதால்தான் நிறம் நிற்கிறது. நம் கிடங்குச் சூட்டில் அதே சரக்கு பழுப்பேறிவிடும். பளீரென்ற மஞ்சள் நிறத்துக்குக் கந்தகப் புகை போடுவதும் உண்டு. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் நெடி ஏறினால் அந்த லாட்டை விட்டுவிடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கந்தகம் தொல்லை தரும். பொட்டலம் போட்டு விற்பவர்கள், மூலப் பெட்டியின் லேபிளில் ஐ.என்.எஸ். 220 என்றிருந்தால் அதைத் தங்கள் லேபிளிலும் குறிப்பிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் திறந்து வைத்த கிஸ்மிஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், பூச்சியும் வரும். பெட்டியைப் பிரித்தவுடன் மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றி, இரண்டு வார விற்பனைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள்.