திகில் இதழ்: எதை எடுப்பது, எதை விடுவது?

மாணவர் புராஜெக்டுக்குத் திகில் இதழ் என்று முடிவானதுமே அட்டையில் ஒரு மண்டை ஓடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. மதுரை மாணவருக்கு அது தேவையே இல்லை. ‘மர்மதேசம்’ திகில் தொடரை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் வாழ்ந்த ஊர் இது. கதைக்குப் பஞ்சமில்லை, தேர்வில்தான் கவனம் வேண்டும்.

கரு: ஜாம்பியா, உள்ளூரா?
உள்ளூர்தான். ஆனால் அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பும் பாண்டி முனியும் பேய்களல்ல, காவல் தெய்வங்கள். அவர்களை வைத்துப் பயங்காட்டினால் கும்பிடுகிறவர்கள் மனம் புண்படும். கீழக்குயில்குடி சமணர் மலையை எடுக்கலாம். பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடிவாரத்தில் அய்யனார் கோவில், கூடவே சமணரைக் கழுவேற்றிய கதை. அது நடந்ததா, கட்டியதா என்ற விவாதமே ஒரு நல்ல கட்டுரை.

படம்: போட்டோவா, ஓவியமா?
இடத்துக்குப் போட்டோ, பேய்க்கு ஓவியம். நண்பனுக்கு மாவு பூசி எடுத்த போட்டோவைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

நிறம்: முழுக் கலரா, கருப்பு வெள்ளையா?
1964-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கிரீப்பி’ இதழ் அட்டையில் மட்டும் வண்ண ஓவியம் போட்டது. உள்ளே கருப்பு வெள்ளைச் சித்திரக்கதைகள். மாணவர் பட்ஜெட்டுக்கும் அதே வழி பொருந்தும்.

எழுத்து: எந்த ஃபான்ட்?
ரத்தம் சொட்டும் ஃபான்ட்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே. தலைப்பைப் பிரஷ்ஷால் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். உள்பக்கத்துக்கு ‘ஹிந்த் மதுரை’ போதும். இலவசம், படிக்கவும் தெளிவு. இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் சற்றுப் பெரிதாக, தடித்து வையுங்கள். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிப் பரப்புவதால் புள்ளி அடைபட்டு, ‘பேய்’ ‘பேய’ ஆகிவிடும்.

அச்சு: டிஜிட்டலா, ஆஃப்செட்டா?
பத்திருபது பிரதிக்கு டிஜிட்டல். ஆஃப்செட்டில் பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றே. சில நூறு பிரதிகள் விற்கும் நம்பிக்கை இருந்தால் சிவகாசிக்குப் போங்கள். சென்டர் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்: 16, 20, 24. முதுகில் பசை தடவும் பெர்ஃபெக்ட் பைண்டிங் இவ்வளவு மெல்லிய இதழுக்கு ஒட்டாது.

முடிவு
உள்ளூர்க் கதை, கலர் அட்டை, கருப்பு வெள்ளை உள்பக்கம், 24 பக்கம், சென்டர் பின், டிஜிட்டல் அச்சு. முதல் இதழுக்கு இதுவே சரியான கூட்டணி. மொத்தமும் அடிக்கும் முன், அதே தாளில் ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பாருங்கள். திரையில் தெரியும் கருப்பு வேறு, தாளில் விழும் கருப்பு வேறு.