ஊட்டும் கையும் பேசும் வாயும்

குழந்தைக்கு உணவூட்டும் வேளையை நாம் பெரும்பாலும் முடிக்க வேண்டிய ஒரு வேலையாகவே கருதுகிறோம். கிண்ணத்தில் எடுத்த உணவு உள்ளே போய்விட்டால் நிம்மதி. அதற்காகக் கைப்பேசியைக் குழந்தையின் முன் வைத்து, அது திரையில் லயித்திருக்கும்போது வாய்க்குள் உணவைச் செலுத்தும் வழக்கம் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவியுள்ளது. வயிறு நிரம்புகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அக்குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேறொன்று கிடைக்காமற்போகிறது. அது என்ன, அதன் மதிப்பு எத்தகையது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரத்தை எட்டாதவர்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்டோரில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவ்வெண்களைக் கண்டதும், "இன்னும் அதிகமாகச் சத்துணவு கொடுக்க வேண்டும்" என்றே நமக்குத் தோன்றும். கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் உணவு மட்டும் போதுமா?

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை, ஜமைக்கா நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனில் நடந்த ஓர் ஆய்விலிருந்து கிடைத்தது. சாலி கிரந்தம் மெக்கிரகர் என்னும் மருத்துவரின் குழுவினர், உயரம் குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். அனைவரும் 9 முதல் 24 மாத வயதினர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் 1 கிலோ பால்மாவு வழங்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு உணவு தரவில்லை. மாறாக, சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்பதை ஒரு மணி நேரம் தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். காலிப் புட்டிகளும் அட்டைத் துண்டுகளுமே விளையாட்டுப் பொருள்கள். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவதற்கு இரண்டும் இல்லை.

இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது உணவும் பயன் தந்திருந்தது, விளையாட்டும் பயன் தந்திருந்தது. இரண்டையும் பெற்றவர்களோ இயல்பான உயரமுள்ள குழந்தைகளின் வளர்ச்சி நிலையை ஏறத்தாழ எட்டிவிட்டனர். இம்முடிவுகள் 1991-இல் வெளியாயின. அக்குழந்தைகள் இருபது வயதைக் கடந்த பின்னர் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தனர். வீட்டில் பேசி விளையாடும் பயிற்சி பெற்றவர்களின் வருவாய், அது கிடைக்காதவர்களுடையதைக் காட்டிலும் ஏறக்குறைய 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. பால்மாவு வீண் என்பது இதன் பொருளன்று. தனியாக வந்த உணவு பாதி வழியே துணை வந்தது. நம் நாட்டில் ஒடிசாவின் கட்டாக் நகரச் சேரிகளிலும் இதே முறையில் 18 மாதங்கள் வீடுதேடிச் சென்று தாய்மாருக்குப் பயிற்சியளித்தபோது, குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? சத்துக் குறைந்த குழந்தை அடம்பிடிப்பதில்லை, ஓடியாடுவதில்லை, எதையும் எட்டிப் பிடிக்க முயல்வதில்லை. வைத்த இடத்தில் கிடக்கும். வீட்டார் அதைச் 'சமர்த்துக் குழந்தை' என்று மெச்சுவர். வேலை மிகுந்த தாய்க்கு அது ஆறுதலாகவும் இருக்கும். குழந்தை அழைப்பதில்லை, ஆகவே தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. தாய் பேசுவதில்லை, ஆகவே குழந்தையும் அழைப்பதை மறக்கிறது. இவ்வாறு உடற்குறை மெல்ல மனக்குறையாக முற்றுகிறது. அமைதியான குழந்தையெல்லாம் நோயாளி என்று அஞ்சவேண்டாம். ஆனால் எப்போதும் சோர்ந்திருக்கும் குழந்தையை நல்ல குழந்தை என்று எண்ணி வாளாவிருத்தல் பெரும் பிழை. அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்னிலும் அதிகமாக மடியிலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடலையும் மனத்தையும் பிரிக்காமல் பேணும் இந்த நெறி நம் நாட்டிற்குப் புதிதன்று. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். வழக்கறிஞராக இருந்த அவர், தமக்கு மகன் பிறந்த பின்னர் மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைப் படித்து இத்துறைக்கு வந்தவர். 'மீசை வைத்த அம்மா' என்று மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945-இல் இன்றைய பால்கர் மாவட்டத்திலுள்ள போர்டி கிராமத்துக்குச் சென்றார். அனுதாய் வாக் அவருக்குத் துணைநின்றார். பள்ளியைத் திறந்து வைத்தும் ஏழைக் குழந்தைகள் வரவில்லை. எனவே அவர்களுடைய குடிசை முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். முற்றத்துக்கு 'ஆங்கண்' என்று பெயர். 'அங்கன்வாடி' பிறந்தது அவ்வாறுதான்.

அங்கே முதற்பாடம் எழுத்தன்று. குழந்தையைக் குளிப்பாட்டுதல், நகம் வெட்டுதல், தலைவாருதல், பிறகு பாட்டு, ஆட்டம். விலையுயர்ந்த மாண்டிசோரி சாதனங்களுக்குப் பதிலாகச் சிப்பி, விதை, கூழாங்கல், இலை ஆகியவை பயன்பட்டன. பின்னர் கோஸ்பாட் பகுதியில் வார்லி பழங்குடியினரிடையே பணியைத் தொடர்ந்தபோது, ஆடுமாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினர்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இப்பெயரை ஏற்று நாடெங்கும் பரப்பியது. தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, சத்துணவு, முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. பெரும் சாதனைதான். எனினும் ஒரு குறை: 3 முதல் 6 வயதினர் மையத்துக்கு வந்து உண்கின்றனர், 3 வயதுக்குட்பட்டோருக்கோ உணவு பொட்டலமாக வீட்டுக்குச் செல்கிறது. மூளை மிக விரைவாக வளரும் அவ்வயதில் பொட்டலம் போய்ச்சேர்ந்தது, மனிதர் போய்ச்சேரவில்லை. பதிவேடுகளும் கணக்கெடுப்புகளும் ஊழியரின் நேரத்தை விழுங்கும்போது வேறென்ன நடக்கும்? 2023-இல் தொடங்கிய 'போஷண் பீ படாய் பீ', அதாவது சத்துணவும் கல்வியும், என்னும் முயற்சி இக்குறையைப் போக்க முனைகிறது. பிறந்தது முதல் 36 மாதங்கள் வரை வீட்டிலேயே செய்யத்தக்க விளையாட்டுகள் அதன்வழி அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

வீட்டில் நாம் செய்யவேண்டியது கடினமானதன்று. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பின் தாய்ப்பாலுடன் கெட்டியாக மசித்த உணவு. 8 மாதம் வரை நாளைக்கு 2, 3 வேளை, அதற்கு மேல் 3, 4 வேளை. ஊட்டும்போது குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். "இது பருப்பு, இது கீரை" என்று பெயர் சொல்லுங்கள். அது தலையைத் திருப்பினால் சற்றுப் பொறுத்துப் பிறகு கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம். 'பூச்சாண்டி வருவான்' என்னும் அச்சுறுத்தல் ஒரு கவளத்தை விழுங்க வைக்கும், ஆனால் உணவையும் அச்சத்தையும் குழந்தையின் மனத்தில் ஒன்றாக முடிந்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்பதும், 2 வயது முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பதும் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அளித்த அறிவுரை.

நம் அன்பர்கள் பல ஊர்களில் பால்வாடிகளும் மருத்துவ முகாம்களும் நடத்திவருகிறார்கள். சத்துமாவு வாங்க வரும் தாயை உடனே அனுப்பிவிடாமல், கால்மணி நேரம் அமரச்செய்து, குழந்தையோடு ஒரு விளையாட்டை ஆடிக்காட்டலாம். மூடியுள்ள ஒரு டப்பாவும் நான்கு பெரிய மரக்கட்டைகளும் போதும். கட்டை குழந்தையின் வாய்க்குள் நுழையாத அளவினதாக இருக்க வேண்டும்.

தாயின் நிலையையும் கேட்டறிய வேண்டும். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, இரவெல்லாம் விழித்து, மனம் சோர்ந்திருப்பவளிடம் "குழந்தையோடு சிரித்துப் பேசு" என்று உபதேசிப்பது எளிது. முதலில் அவள் சூடான உணவை உட்கார்ந்து உண்ண வழிசெய்வோம். அந்த அரைமணி நேரம் குழந்தை தந்தையின் மடியில் இருக்கட்டும்.