பழைய கம்ப்யூட்டருக்கு எதில் காசு போடலாம்?

நாச்சியாபுரம் போன்ற நகரத்தார் ஊர்களில் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். பொங்கலுக்கோ பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்து, கூட்டிப் பெருக்கி, வளவு அறையில் துணி போர்த்தியிருக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். “இது போச்சு, வேற வாங்கணும்” என்று அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆறு மாத அப்டேட்டையும் விண்டோஸ் அன்றைக்கு ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டிருக்கும். ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி ஒன்று உண்டு. நாள்பட்டு அது தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். பேங்க் சைட், ரயில் டிக்கெட் சைட் எல்லாம் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று திருப்பி அனுப்பும். நெட் ஸ்லோ என்று பழி போடுவோம். வாட்ச் கடையில் கிடைக்கிற பேட்டரிதான் அதற்கு மருந்து.

இதற்குப் பிறகும் இழுத்தால், கடைக்குத் தூக்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்தி தெரியும். வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்தபடி எது சிவந்து நூறை முட்டுகிறது என்று பாருங்கள். எதில் காசு போடுவது என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

பெரும்பாலும் முட்டுவது டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும் தட்டு. பெரிய சினிமா ஃபைல் ஒன்றை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி வரை கொடுத்துவிடும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான சில்லறை ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் ஆனால் நொடிக்கு நூறு ஃபைலைக்கூடத் தாண்டாது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. அதே வேலை மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கில் முடிகிறது. அதனால்தான் பத்து வருஷப் பழசில்கூட எஸ்எஸ்டி மாட்டியதும் வேறு மெஷின் போலத் தெரிகிறது. 2.5 இஞ்ச் சாட்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டிலும் அதுதான் பொருந்தும். வீட்டுக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள்.

ரேம் அடுத்தது. 2 ஜிபியில் இன்றைய குரோம் மூச்சு முட்டும். 4 ஜிபியில் நாலு டேப் தாங்கும். 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைக்குக் கவலையில்லை. வாங்குமுன் பழைய ரேமைக் கழற்றி எடுத்துப் போவது நல்லது. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ஏறாது. லேப்டாப்பில் இன்னொரு சிக்கல்: 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கிற மெஷினில் 1.5 வோல்ட் ரேமை மாட்டினால் ஆன் ஆகாமல் போகலாம். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதையும் கணக்கில் எடுங்கள். டிடிஆர்3 என்றால் கழற்றி விற்கிற செகண்ட் ஹேண்டே போதும்.

சிபியு பத்திதான் முட்டுகிறது, அதுவும் யூடியூப் ஒன்றை ஓட்டுவதற்கே என்றால் எந்தப் பார்ட்டும் காப்பாற்றாது. அதில் காசு போடாதீர்கள். ஆனால் லேப்டாப் சுட்டுக்கொண்டு ஃபேன் கத்தினால் முதலில் திறந்து தூசி தட்டி, பிராசஸர் மேல் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள். சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செட்டிநாட்டுச் செம்மண் புழுதிக்கு இது அடிக்கடி நடப்பது.

கடைகளில் முதலில் சொல்வது, “ஃபார்மட் அடிச்சிட்டாப் போதும்ணே.” வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது போல, கொஞ்ச நாள் பளிச்சென்றுதான் இருக்கும். சாமான் திரும்ப வந்ததும் பழைய கதை. கூடவே லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டு விட்டால், அதைத் திறக்கப் போட்ட ஆக்டிவேட்டரோடு வைரஸும் வரலாம். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷினுக்கு அது வேண்டாம். ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ என்று வருகிற மென்பொருள்களும் வேண்டாம். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்தி, இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்து விட்டாலே அவை செய்வதாகச் சொல்லும் வேலை நடந்துவிடும்.

இனி விண்டோஸா, லினக்ஸா. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், அப்டேட்டுக்கு உத்தரவாதமில்லை. கோர் 2 டியோ காலத்து மெஷினில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. தொடக்க கால மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தந்தார்கள். பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மெஷினுக்கு இன்று எஸ்எஸ்டியும் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயும் பொருத்தமான ஜோடி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, காசும் இல்லை. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

ஆனால் வட்டிக்கடை, ஜவுளிக்கடைக் கணக்கு டாலியில் இருந்தால் லினக்ஸ் பக்கம் போக வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் லினக்ஸிலும் அந்த எழுத்துருவைப் போட்டால் திறக்கும், திருத்துவதுதான் தலைவலி. மேசையில் கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் இருந்தால் அதை லினக்ஸில் ஓட வைப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சிங்கப்பூரில் இருக்கிற மகனோடு வீடியோவில் பேச, நெட் பார்க்க, இ-சேவை விண்ணப்பம் போட என்றால் தாராளமாக மாறலாம்.

எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, கீபோர்டு எல்லாமே வேண்டும் என்று கடைக்காரர் பட்டியல் நீட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காசோடு கொஞ்சம் போட்டால் ஆபீஸ்களில் கழித்த பழைய பிசினஸ் லேப்டாப் கிடைக்கும். வாங்கும்போது பிராசஸர் எண்ணைப் பாருங்கள்: ஐ5-க்குப் பின்னால் 8 என்று தொடங்கும் நாலு இலக்கமோ அதற்குப் பிந்தைய தலைமுறையோ வேண்டும். ஐ5-7200யு வேண்டாம், ஐ5-8250யு சரி. விலை வித்தியாசம் சொற்பமாக இருக்கும் என்பதால் ஏமாறுவது எளிது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் கல்யாண ஆல்பம், சஷ்டியப்தபூர்த்தி வீடியோவுக்கு அதுவே பெட்டி. எஸ்எஸ்டி வேகமானதுதான், ஆனால் கரண்ட் காணாமல் நெடுநாள் கிடந்தால், அதுவும் கோடையில் பூட்டிய வீட்டில், எழுதியதை மெல்ல மறக்கும். தேய்ந்துபோன வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே தரநிலை அமைப்பான ஜெடெக் வகுத்த அளவு. ஆகவே படங்களின் ஒரு பிரதி பழைய டிஸ்க்கில், இன்னொன்று சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம். டிஸ்க்கைக் கேஸில் போட்டதும், அதன் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். மஞ்சளாக ‘காஷன்’ என்று காட்டினால் அதை நம்பி எதையும் வைக்காமல், உள்ளே இருப்பதை அன்றைக்கே வேறொன்றில் எடுத்துவிடுங்கள்.