கண்ணாடி ரப்பரில் படரும் பாசியும் பூஞ்சணமும்: புழல் வட்டாரம் தரும் பாடங்கள்

கார்க் கண்ணாடியையும் கதவையும் சுற்றி ஓடி, மழைநீரும் தூசியும் உள்ளே புகாமல் காக்கும் கறுப்பு ரப்பர் விளிம்பைச் சென்னைப் பட்டறைகளில் பீடிங் என்பர். பராமரிப்பின் நோக்கில் இதை மூன்றாகப் பிரித்தறிய வேண்டும். கதவு மூடும்போது அமுங்கிக்கொடுக்கும் உள்ளீடற்ற ரப்பர்க் குழாய் கதவு பீடிங் ஆகும். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளம், உட்புறம் மெல்லிய பஞ்சிழை ஒட்டப்பெற்ற கண்ணாடிச் சேனல் ஆகும். கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் கிடையாக அமைந்து அதன் மேல் வழியும் நீரை வழித்துவிடுவது வெளிப்பட்டை ஆகும். ஈரமும் தூசியும் ஒருங்கே தங்கும் இடங்கள் ஆதலால், பின்னிரண்டிலுமே பாசியும் பூஞ்சணமும் முதலில் தலைகாட்டுகின்றன.

பாசியையும் பூஞ்சணத்தையும் ஒன்றெனக் கருதுவதே பராமரிப்பில் நேரும் முதற்பிழை. பாசி ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிராதலால், வெளிச்சம் படும் வெளிப்புறத்தில், வெயில் நேரே விழாத பக்கத்தில், பச்சை நிறத்தில் வழுவழுப்பாகப் படர்கிறது. பூஞ்சணத்துக்கு ஒளி வேண்டியதில்லை. இறந்த உயிர்ப்பொருளைச் செரித்தே அது வாழ்வதால், கதவின் உள்விளிம்பிலும் சேனலின் பஞ்சிழையிலும் கரும்புள்ளிகளாகத் தோன்றி, வண்டிக்குள் புழுங்கிய வாடையைப் பரப்புகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், ஒரே இடத்தில் நாட்கணக்கில் நிறுத்தப்படும் காரின் வடக்கு நோக்கிய பக்கமே அதிகம் பச்சை பிடிக்கிறது என்பதைத் தெருவோரம் நிற்கும் வண்டிகளைப் பார்த்தே உணரலாம்.

புழல் வட்டாரத்தில் இத்தொல்லைக்குத் தேவையான அனைத்தும் ஒன்றுகூடுகின்றன. சென்னையின் குடிநீர்த் தேவைக்காக 19ஆம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டதும், இன்று 3,300 மில்லியன் கனஅடிக் கொள்ளளவு உடையதுமான புழல் ஏரி அருகிலேயே பரந்து கிடக்கிறது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்திலேயே கொட்டுகிறது. அம்மாதங்களின் காலை வேளைகளில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதும் வழக்கம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியோடு, அருகிலுள்ள செங்குன்றத்து அரிசி ஆலைகளைச் சுற்றி எழும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து ரப்பரின் இடுக்குகளில் படிகிறது. இவற்றுள் தவிட்டுத் தூசியைத் தனியே கருத வேண்டும். ஏனெனில் மண்தூசி ஈரத்தைப் பிடித்துவைக்க மட்டுமே செய்யும், தவிடோ பூஞ்சணத்துக்கு நேரடி உணவாகிறது.

பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பரால் ஆனது. எத்திலீன், புரொப்பிலீன் ஆகிய வாயுக்களை முதன்மையாகக் கொண்டு உருவாகும் இந்த ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நீண்ட காலம் தாங்குவது, எளிதில் மக்காதது. எனவே பூஞ்சணம் பெரும்பாலும் உண்பது ரப்பரை அன்று, அதன்மேல் படிந்த அழுக்கையே என்பது தெளிவாகிறது. அழுக்கை நீக்காமல் மருந்து மட்டும் தெளிப்பவருக்கு அதே கறை ஒரே மழையில் திரும்பிவிடுவதற்கும் இதுவே காரணம்.

நீக்கும் முறையில் வரிசை முக்கியம். உலர்ந்த பூஞ்சணத்தைத் தேய்த்தால் அதன் வித்துகள், அதாவது காற்றில் மிதந்து பரவும் நுண்துகள்கள், வண்டி முழுதும் பறக்குமாதலால், முகக்கவசம் அணிந்து, கதவுகளைத் திறந்துவைத்து, முதலில் இடத்தை நனைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் கார் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் தோய்த்த பழைய பல்துலக்கியால் ரப்பரின் நீளவாக்கில் தேய்த்து, அழுக்கைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். எஞ்சும் கரும்புள்ளிகளின் மேல், வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்த கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் தேய்த்து, நல்ல நீரால் துடைத்தெடுக்கலாம். சேனலின் பஞ்சிழைப் பகுதியில் நீரை ஊற்றாமல், பிழிந்த ஈரத்துணியைத் தட்டையான குச்சியில் சுற்றி உள்ளே செலுத்தித் துடைப்பதே பொருத்தம். முடிந்ததும் கதவுகளைத் திறந்துவைத்து ஒரு மணி நேரமேனும் உலரவிட வேண்டும். உலர்த்தாத சுத்தம் பாதி வேலையே.

தவிர்க்க வேண்டியவையும் உள்ளன. மண்ணெண்ணெய், டீசல், பழைய இன்ஜின் ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவை ஈபிடிஎம் ரப்பரை ஊறவைத்து உப்பச்செய்து தளர்த்திவிடும். தடவிய நாளில் தோன்றும் பளபளப்பு பின்னர் வரும் சேதத்தை மறைக்கும். தேங்காய் எண்ணெய் தூசியை ஈர்த்துப் பிசுபிசுப்பாக்கும். பிளீச்சிங் பவுடர்க் கரைசல் கறையை வெளுக்கச்செய்தாலும், பீடிங்கின் உள்ளே இருக்கும் உலோகப் பட்டையை அரிக்கும். அதனை வினிகருடன் கலந்தால் நச்சுத்தன்மையுடைய குளோரின் வாயு வெளிப்படுமாதலால், இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தவே கூடாது. வாட்டர் வாஷில் அழுத்தமான நீரை ரப்பரின் விளிம்பில் நேராகப் பாய்ச்சுவதும் சேற்றைச் சேனலுக்குள் ஆழமாகத் தள்ளிவிடும்.

இத்தனையும் செய்த பின்னும் பாசி திரும்புமானால், தேட வேண்டியது கதவின் அடிப்பகுதியில். வெளிப்பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும்படியே கதவு வடிவமைக்கப்படுகிறது. இலைச்சருகும் சேறும் அத்துளைகளை அடைத்துவிட்டால், கதவின் உட்குழி ஒரு சிறு தொட்டியாகி, ரப்பர் நாட்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கிறது. தகடு துருப்பிடிப்பதும் அங்கிருந்தே தொடங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில், கதவின் உள்ளட்டையைப் பட்டறையில் கழற்றி வண்டலை அகற்றாதவரை வெளிப்புறச் சுத்தம் பயன் தருவதில்லை.

தடுப்புக்கு ஆண்டை இரண்டாகப் பகுத்துக்கொள்வது எளிது. செப்டம்பரில், மழை தொடங்குமுன், துளைகளை மெல்லிய நைலான் இழையால் துழாவித் திறந்து, ரப்பரைக் கழுவி உலர்த்தி, சிலிக்கான் அடிப்படையிலான ரப்பர்ப் பூச்சைத் துணியில் தெளித்து மெல்லியதாகத் தடவ வேண்டும். நீர் ஒட்டாமல் வழியச்செய்வதே இப்பூச்சின் பணி. ஜனவரியில் அதே சுத்தத்தை மீண்டும் செய்து, வெடித்த, கெட்டிப்பட்ட பீடிங்கை மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையை ஈர வண்டியின் மேல் போர்த்துவதும், மரநிழலில் ஒரே திசை நோக்கி வாரக்கணக்கில் நிறுத்துவதும் பாசியை வளர்ப்பதற்குச் சமம். வாரம் ஒருமுறை வண்டியைத் திருப்பி நிறுத்தி இருபக்கமும் வெயில் படச்செய்வது, செலவில்லாத சிறந்த மருந்து.

செய்த வேலை நிலைக்குமா என்பதைச் சோதிக்க ஒரு சொம்பு நீர் போதும். மூடிய கண்ணாடியின் வெளிப்புறத்தில் அதை மெல்ல ஊற்றினால், சிறிது நேரத்தில் கதவின் அடியிலிருந்து நீர் சொட்ட வேண்டும். சொட்டினால் அடுத்த மழைக்கு அந்தக் கதவு ஆயத்தமாகிவிட்டது. சொட்டாவிட்டால், ரப்பர் எவ்வளவு கறுத்து மின்னினாலும், துழாவ வேண்டிய துளை இன்னும் மிச்சமிருக்கிறது.