நோய் ஒன்று, காரணம் மூன்று

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். திருப்பதியில் அலிபிரி என்னும் இடத்தில் மலை தொடங்குகிறது. மேலே திருமலை. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது.

1944-ஆம் ஆண்டில் இந்த மலைக்கு முதல் மோட்டார் சாலை திறக்கப்பட்டது. பிறகு இரண்டாவது சாலை வந்தது. இப்போது புதிய சாலையில் வண்டிகள் ஏறுகின்றன. பழைய சாலையில் இறங்குகின்றன.

பல ஆண்டுகள் இந்த மலையில் அம்பாசிடர் கார்கள் ஏறி இறங்கின. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரைப் பின்பற்றி அம்பாசிடர் செய்யப்பட்டது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அது உருவானது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் பழைய அம்பாசிடர்கள் இன்றும் சில ஊர்களில் ஓடுகின்றன.

பழைய காரை வைத்துப் பிழைப்பவருக்கு, வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும். வண்டியின் நோயைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் பொருளை மாற்றினால், கையில் உள்ள பணமும் போய்விடும். நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? பார்ப்போம்.

இஞ்சினுக்கு என்ன வேண்டும்?

அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்று வேண்டும், தீக்குச்சி வேண்டும். பெட்ரோல் இஞ்சினும் அப்படித்தான்.

பெட்ரோல்தான் விறகு. டேங்கில் உள்ள பெட்ரோலைப் பம்பு இழுத்துக் கார்ப்பரேட்டருக்குத் தருகிறது. கார்ப்பரேட்டர் அதைக் காற்றோடு கலக்கிறது. அந்தக் கலவை இஞ்சினுக்குள் போகிறது. அங்கே பிளக்கின் தீப்பொறி அதைப் பற்றவைக்கிறது. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைக் காயில் தருகிறது.

இஞ்சின் இந்தக் கலவையை நன்றாக அழுத்தவும் வேண்டும். இதைக் கம்ப்ரஷன் என்பார்கள். வண்டி நின்றால், இவற்றில் எது இல்லை என்று கேட்க வேண்டும்.

ஓர் ஓட்டுநரின் கதை

சித்தூரில் ஓர் ஓட்டுநர். அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர். சமவெளியில் வண்டி நன்றாக ஓடியது. மலையில் பாதி தூரம் ஏறியதும் இஞ்சின் திணறியது. பிறகு நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துச் செல்ஃப் அடித்தால் கிளம்பியது.

"காயில் சூடாகிறது, மாற்று" என்றார் ஒருவர். மாற்றினார். மறுபடியும் வண்டி நின்றது. "பெட்ரோல் பம்பு பழசு, மாற்று" என்றார் இன்னொருவர். அதையும் மாற்றினார். அப்போதும் நின்றது. வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் கரைந்துவிட்டது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணா, இங்கே நிறுத்திப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. மலையில் மட்டும் மானத்தை வாங்குகிறது. இன்னும் எதை மாற்றுவது?"

"தம்பி, எதையும் மாற்றாதே. காய்ச்சல் இல்லாத நேரத்தில் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் தெரியுமா? வண்டி நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். நானும் கூட வருகிறேன்."

இருவரும் மலையேறினார்கள். அதே போல் வண்டி திணறி நின்றது. சாலையின் ஓரமாக ஒதுக்கினார்கள். பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தார்கள்.

மெக்கானிக் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றிச் சோதித்தார். நல்ல நீலத் தீப்பொறி வந்தது.

"தீப்பொறி இருக்கிறது. அப்படியானால் காயில் மேல் குற்றம் இல்லை" என்றார்.

பிளக்கை மாட்டினார். பிறகு கார்ப்பரேட்டருக்கு வரும் குழாயைப் பார்த்தார். பெட்ரோல் வரவில்லை.

"தம்பி, டேங்கின் மூடியைத் திற."

ஓட்டுநர் திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"இப்போது மூடாமல் செல்ஃப் அடி."

சிறிது நேரம் செல்ஃப் அடித்ததும் வண்டி கிளம்பிவிட்டது! இஞ்சின் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதை ஆறவிடவே இல்லை. ஆகவே சூடும் காரணம் இல்லை.

மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த ஓட்டையில் மண் அடைத்திருந்தது. சமவெளியில் கொஞ்சம் காற்று எப்படியோ போய்க்கொண்டிருந்தது. மலையில் இஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்டது. போதிய காற்று டேங்கில் நுழையவில்லை. பம்பால் பெட்ரோலை இழுக்க முடியவில்லை. நிறுத்தி வைத்தால் காற்று மெல்ல மெல்ல உள்ளே போகும். அதனால்தான் அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பியது.

மெக்கானிக் ஒரு குண்டூசியால் ஓட்டையைச் சுத்தம் செய்தார். வேலை முடிந்தது.

மூன்று காரணங்கள்

'சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது' என்ற ஒரே நோய்க்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

1. காயில் பழுது. வண்டி நின்றவுடன் பார்த்தால் தீப்பொறி இருக்காது.

2. பெட்ரோல் ஆவியாதல். வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியைத்தான் இழுக்கும். தீப்பொறி இருக்கும், பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தாலும் பயன் இல்லை. ஆறினால்தான் ஓடும்.

3. டேங்க் மூடியின் ஓட்டை அடைப்பு. தீப்பொறி இருக்கும், பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் காற்றின் சத்தம் கேட்கும். வண்டி ஆறும் முன்பே கிளம்பும்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது.

எச்சரிக்கை: தீப்பொறிச் சோதனையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். காயிலிலிருந்து வருவது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். பெட்ரோல் வாடை இருந்தால் அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. மூடியைத் திறக்கும்போது பீடி, தீக்குச்சி பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடியைத் திறந்தபடி வண்டியை ஓட்டவும் கூடாது.

தண்ணீர் கொதித்தால்

மலையில் வரும் இன்னொரு தொல்லை ரேடியேட்டர் கொதிப்பது. தண்ணீர் குறைந்திருக்கலாம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரில் துரு அடைத்திருக்கலாம்.

சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறினால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். ஆவி அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும் ஆகும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கலாம். மூடியைத் திறந்தவுடன் பொங்கி முகத்தில் அடிக்கும். கண்ணே போகலாம். இஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு துணியை மேலே போட்டு, மெல்லத் திறக்க வேண்டும். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினால் இரும்பு விரிசல் விடலாம்.

புகை சொல்லும் செய்தி

நீலப் புகை வந்தால், இஞ்சின் ஆயில் எரிகிறது.

கறுப்புப் புகை வந்தால், பெட்ரோல் அதிகம் போகிறது. அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட் பழுதாகி இருக்கலாம். மேலும் ஓட்டினால் இஞ்சினே கெட்டுவிடும்.

கிளம்பும் முன்

ஆயில், தண்ணீர், ஃபேன் பெல்ட், பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் குழாய்களையும் பாருங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களைப் பாதிக்கலாம். கசிவு இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த இஞ்சினை அணைக்காதீர்கள். சின்ன கியரில் இறங்குங்கள். அப்போது இஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக் அதிகம் சூடாகாது.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எங்கே நின்றது, எப்போது நின்றது, என்ன சத்தம் வந்தது, எதை மாற்றினோம் என்று எழுதுங்கள். உங்களுக்கு எழுதத் தெரியும். அந்த நோட்டைப் பார்த்தால் மெக்கானிக்குக்கு வேலை பாதியாகக் குறையும். உங்களுக்குச் செலவும் குறையும்.

பதில் சொல்லுங்கள்

1. இஞ்சின் ஓட என்னென்ன வேண்டும்?
2. ஓட்டுநர் மாற்றிய இரண்டு பொருள்கள் எவை? அவற்றால் ஏன் பயன் இல்லை?
3. மெக்கானிக் ஏன் மலைக்குக் கூடவே போனார்?
4. சூடு காரணம் இல்லை என்று மெக்கானிக்குக்கு எப்படித் தெரிந்தது?
5. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு ஏன் திறக்கக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் சைக்கிள், பம்புசெட், தையல் இயந்திரம் ஏதாவது இருக்கிறதா? அதில் வந்த ஒரு பழுதை எழுதுங்கள். அதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம்? செலவில்லாமல் முதலில் எதைச் சோதிப்பீர்கள்? அதையும் எழுதுங்கள்.