மூச்சில் ‘கொர்’ சத்தம்

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் என் 4 வயது மகனுக்குக் குரல் கம்மிவிட்டது. மூச்சை இழுத்தால் ‘கொர்’ரென்கிறது. சளிதானே?
– வாசகி, ஓசூர்

பதில்: சளி என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. கீமோவால் வெள்ளணு குறைந்த பிள்ளைக்குச் சீழ் கட்டாமலேயே, சில நேரம் காய்ச்சல்கூட இல்லாமல், தொண்டை அடைக்கலாம். நாக்கில் தயிர்த் திட்டாகப் படியும் கேண்டிடா பூஞ்சை குரல்வளைக்கும் இறங்கும். அபூர்வமாக ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, ஹெர்பீஸ் வைரஸ். குழாய்க் கேமராவில் பார்த்து மாதிரி எடுத்தால்தான் எது என்று தெரியும்.

பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை ஓசூர் ரோட்டில்தானே என்று காரில் கிளம்பாதீர்கள். அத்திப்பள்ளி நெரிசலில் ஆக்சிஜனுக்கு எங்கே போவது? 108-ஐக் கூப்பிட்டு முதலில் ஓசூர் அரசு மருத்துவமனை. கீமோ ஃபைல் கையில் இருக்கட்டும். பிள்ளையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்க்க வேண்டாம்.